பொய் சொல்லும் கணினியை மீட்பது எப்படி?

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்து பென்டிரைவை வீட்டுக் கணினியில் செருகுகிறீர்கள். ஃபோல்டர்கள் அதே பெயரில், அதே மஞ்சள் நிறத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் மட்டும் சின்னதாக ஓர் அம்புக்குறி. அதைக் கவனிக்காமல் ஒரு ஃபோல்டரை இருமுறை தட்டுகிறீர்கள். அது வழக்கம்போலத் திறக்கிறது. உள்ளே சான்றிதழ்களும் படங்களும் அப்படியே இருக்கின்றன. எதுவுமே நடக்காததுபோலத் தெரிகிறது. ஆனால் அந்தத் தட்டலிலேயே உங்கள் கணினிக்குள் வைரஸ் குடியேறிவிட்டது.

பிரின்ட் கடை, டி.டி.பி. சென்டர், கல்லூரி லேப் என்று பென்டிரைவ் கைமாறும் இடங்களில் எல்லாம் பல ஆண்டுகளாக உலவிவரும் 'ஷார்ட்கட் வைரஸ்' இதுதான். வைரஸ் எப்படி வேலை செய்கிறது, அதை ஏன் சும்மா அழித்துவிட முடிவதில்லை, கணினியை முறையாக மீட்பது எப்படி என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேட இது நல்ல உதாரணம்.

அம்புக்குறிக்குப் பின்னால்

அம்புக்குறி உள்ள அந்த ஃபோல்டரைத் திறக்காமல், அதன்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதிக்குப் போனால் 'டார்கெட்' என்று ஒரு பெட்டி இருக்கும். நியாயமான ஷார்ட்கட் என்றால் அங்கே பெரும்பாலும் ஒரு கோப்பின் முகவரிதான் இருக்கும். இங்கே மூன்று சங்கதிகள் ஒரே வரியில் கோக்கப்பட்டிருக்கும். முதலில், விண்டோஸின் கட்டளை நிரலான 'சிஎம்டி'யை அழைக்கும் சொல். அடுத்து, பென்டிரைவில் ஒளிந்துள்ள ஒரு 'விபிஎஸ்' கோப்பை ஓட்டச் சொல்லும் கட்டளை. கடைசியில், நீங்கள் பார்க்க நினைத்த உண்மையான ஃபோல்டரைத் திறக்கும் கட்டளை. முதல் இரண்டும் வைரஸுக்கு. மூன்றாவது, உங்களுக்குச் சந்தேகம் வராமல் இருப்பதற்கு.

உங்கள் உண்மையான ஃபோல்டர் எங்கும் போய்விடவில்லை. விண்டோஸில் ஒவ்வொரு கோப்புக்கும் சில பண்புக்குறிகள் உண்டு. 'ஹிட்டன்', 'சிஸ்டம்' என்ற இரண்டு குறிகளையும் ஒரு ஃபோல்டருக்குச் சேர்த்து வைத்துவிட்டால், வழக்கமான அமைப்பில் விண்டோஸ் அதைத் திரையில் காட்டாது. வைரஸ் செய்தது இவ்வளவுதான். "பென்டிரைவில் இருந்ததெல்லாம் போச்சு" என்று பதறி ஃபார்மட் செய்கிறவர்கள், வைரஸ் அழிக்காத கோப்புகளைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். சுத்தமான ஒரு கணினியில் 'ஆட்ரிப்' என்ற பழைய டாஸ் கட்டளையால் அந்த இரண்டு குறிகளையும் நீக்கினால் எல்லாம் மறுபடி கண்ணுக்குத் தெரியும்.

இந்தத் தந்திரம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகினாலே போதும். 'ஆட்டோரன்' வசதியைப் பிடித்துக்கொண்டு வைரஸ் உள்ளே வந்துவிடும். 2008 நவம்பரில் கிளம்பி உலகம் முழுக்கப் பரவிய கான்ஃபிக்கர் பயன்படுத்திய வழிகளில் அதுவும் ஒன்று. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் பென்டிரைவுக்கான ஆட்டோரனை அப்டேட் வழியாக முடக்கியது. கணினி தானாக ஓட்ட மறுத்ததும், மனிதரின் விரலையே ஓட்ட வைக்கும் வழிக்கு வைரஸ் எழுதுகிறவர்கள் திரும்பினார்கள். அம்புக்குறி போட்ட பொய் ஃபோல்டர்கள் பெருகியது அப்படித்தான். இவ்வகையைச் சேர்ந்த ஜென்க்ஸ்கஸ் என்ற வைரஸைக் கட்டுப்படுத்த 2014 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற ஆணை பெற வேண்டியிருந்தது.

அழித்தாலும் திரும்பி வருவது ஏன்?

பென்டிரைவில் இருக்கும் ஷார்ட்கட்டுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து டெலீட் செய்கிறீர்கள். சில நொடிகளில் அவை மறுபடி அங்கே நிற்கின்றன. நீங்கள் அழித்தது வைரஸ் விட்டுச்சென்ற தடயத்தை. வைரஸ் இப்போது கணினியின் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் "புதிதாக ஏதாவது டிரைவ் செருகப்பட்டிருக்கிறதா?" என்று பார்ப்பதும், இருந்தால் தன் பிரதியை அதில் வைப்பதும்தான் அதன் வேலை.

சரி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஓடும் நிரலை நிறுத்தலாம் என்றால், அங்கே தெரிவது 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்ற பெயர். அது மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு தந்திருக்கும் முறையான நிரல்; விபிஎஸ் கோப்புகளைப் படித்து நிறைவேற்றுவது அதன் பணி. வைரஸ் அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகின் மின்னஞ்சல்களைத் திணறடித்த 'ஐ லவ் யூ' வைரஸும் இதே விபிஎஸ் வகைதான். இந்த ஸ்கிரிப்ட் மொழியை விண்டோஸிலிருந்து படிப்படியாக விலக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2023 அக்டோபரில்.

நிரலை நிறுத்திவிட்டு, கணினியை மறுபடி தொடங்கினால் வைரஸும் தொடங்கிவிடுகிறது. கணினி அணையும்போது நினைவகத்தில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால், அடுத்த முறையும் எழுவதற்கு வைரஸ் எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். விண்டோஸில் அதற்கு இடங்கள் ஏராளம்: ரெஜிஸ்ட்ரியில் உள்ள 'ரன்' பகுதி, ஸ்டார்ட்அப் ஃபோல்டர், டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ்கள், பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்கள். மார்க் ருஸினோவிச் உருவாக்கி இப்போது மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ஆட்டோரன்ஸ்' என்ற கருவி இந்த இடங்களை எல்லாம் ஒரே பட்டியலில் காட்டும். தயாரித்தவரின் விவரமோ சரியான டிஜிட்டல் கையொப்பமோ இல்லாதவை இளஞ்சிவப்பு வரிகளாகத் தெரியும். கோப்பே இல்லாமல் பதிவு மட்டும் எஞ்சி நிற்பவை மஞ்சளாக. இளஞ்சிவப்பு என்றாலே வைரஸ் என்று பொருளல்ல. ஆனால் 'டெம்ப்' அல்லது 'ஆப்டேட்டா' ஃபோல்டரிலிருந்து அர்த்தமில்லாத பெயரில் ஒரு விபிஎஸ் கோப்பு கணினி தொடங்கும்போதெல்லாம் ஓடுகிறது என்று அந்த வரி சொன்னால், ஆளைப் பிடித்துவிட்டோம்.

ஷார்ட்கட் வைரஸ் எளிய வகை. அதனால்தான் இந்தப் பட்டியலில் அகப்படுகிறது. இதைவிடக் கெட்டிக்கார வைரஸ்கள் பட்டியலையே திருத்திவிடும்.

கணினி பொய் சொல்லும்போது

ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று கருதப்படும் 'பிரெய்ன்' 1986இல் லாகூரில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் பாசித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள். தங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும்கூட அதற்குள் எழுதி வைத்திருந்தார்கள். ஃப்ளாப்பி டிஸ்கின் தொடக்கப் பகுதியான 'பூட் செக்டரை' அது பிடித்துக்கொள்ளும். யாராவது சந்தேகப்பட்டு அந்தப் பகுதியைப் படித்துக் காட்டச் சொன்னால், பிரெய்ன் இடைமறித்து, வேறிடத்தில் சேமித்து வைத்திருந்த பழைய நல்ல பூட் செக்டரை எடுத்துக் காட்டும். பார்ப்பவருக்கு டிஸ்க் சுத்தமாகவே தெரியும். ஐபிஎம் வகைக் கணினி வைரஸ்களின் வரலாறு தொடங்கும்போதே பொய்யும் தொடங்கிவிட்டது.

2005 அக்டோபரில் இது இன்னும் தெளிவாக வெளிப்பட்டது. சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் சில இசைக் குறுந்தகடுகள், பாடல்களைப் பிரதியெடுப்பதைத் தடுக்கும் நிரல் ஒன்றை வாடிக்கையாளரின் கணினியில் சத்தமில்லாமல் நிறுவின. டாலர் குறியோடு தொடங்கும் ஒரு குறிப்பிட்ட முன்னொட்டு எந்தக் கோப்பின் பெயரில் இருந்தாலும், விண்டோஸ் அதைக் காட்டாதபடி அந்த நிரல் செய்துவிட்டது. கண்டுபிடித்தவர் மேலே சொன்ன ருஸினோவிச். அவர் செய்த சோதனையின் தத்துவம் எளியது. "இந்த டிஸ்கில் என்னென்ன கோப்புகள் உள்ளன?" என்று விண்டோஸிடம் கேட்டு ஒரு பட்டியல் வாங்கினார். பிறகு விண்டோஸிடம் கேட்காமல், டிஸ்கில் பதிந்திருக்கும் தகவலை நேரடியாகப் படித்து இன்னொரு பட்டியல் எடுத்தார். முதல் பட்டியலில் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் இருந்தவை எவையோ, அவைதான் ஒளிக்கப்பட்டவை.

வைரஸ் மீட்பில் இதுதான் அடிப்படை. நாம் திரையில் பார்க்கும் எதுவும் டிஸ்கிலிருந்து நேராக வருவதில்லை. இயங்குதளம் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. அந்த இயங்குதளத்தையே வைரஸ் கைக்குள் போட்டுக்கொண்டால், ஆன்டிவைரஸ் கேட்கும் கேள்விக்கும் அதே பொய்தான் பதிலாக வரும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரையே சாட்சியாகவும் விசாரித்துத் தீர்ப்பு எழுத முடியாது. விசாரணை வெளியிலிருந்து நடக்க வேண்டும்.

எல்லா வைரஸையும் பிடிக்கும் நிரல் சாத்தியமா?

"நல்ல ஆன்டிவைரஸ் எது சார்?" என்பது கணினி வாங்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி. எந்த ஆன்டிவைரஸும் முழுமையாக நல்லதாக இருக்க முடியாது என்பதைக் கணித வழியில் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரெட் கோஹன். 1980களின் நடுவில் அவர் முன்வைத்த வாதத்தைச் சாதாரண மொழியில் சொல்லலாம்.

எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா இல்லையா என்று தவறே இல்லாமல் சொல்லும் ஒரு சோதனை நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது நான் ஒரு குறும்புக்கார நிரலை எழுதுகிறேன். அது ஓடத் தொடங்கியதும் அந்தச் சோதனை நிரலிடமே போய் "நான் வைரஸா?" என்று கேட்கும். "ஆம், வைரஸ்" என்று பதில் வந்தால் எதையும் செய்யாமல் சும்மா இருந்துவிடும். "இல்லை" என்று பதில் வந்தால் உடனே பரவும். சோதனை நிரல் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தவறாகிவிடுகிறது. எனவே தவறே செய்யாத சோதனை நிரல் இருக்க முடியாது.

நடைமுறை ஆன்டிவைரஸ்கள் இந்த எல்லைக்குள் நின்றுதான் வேலை செய்கின்றன. முன்பே தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களை வைத்து ஒப்பிடுகின்றன. ஒரு நிரல் ஆயிரக்கணக்கான கோப்புகளை வேகமாகத் திருத்துவது போன்ற நடத்தையைப் பார்த்துச் சந்தேகப்படுகின்றன. அடையாளப் பட்டியல் பழையதானால் பயன் குறைந்துவிடும். மைக்ரோசாஃப்டின் 'சேஃப்டி ஸ்கேனர்' என்ற இலவசக் கருவி, பதிவிறக்கிய 10 நாட்களில் காலாவதியாகிவிடுவது இதனால்தான். ஆக, "ஸ்கேன் செய்தேன், ஒன்றும் இல்லை என்றது" என்பதன் பொருள், "எனக்குத் தெரிந்தது எதுவும் என் கண்ணில் படவில்லை" என்பது மட்டுமே.

இனி, மீட்கும் வரிசைக்கு வருவோம். வரிசை மாறினால் இழப்பு கூடும்.

முதலில் துண்டியுங்கள்

வைரஸ் என்று தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் இணையத்தைத் துண்டிப்பது. வைஃபையை அணையுங்கள், நெட்வொர்க் கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். செருகியிருக்கும் பென்டிரைவ், வெளிப்புற ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தகவல் திருடும் வைரஸ் என்றால் அது அனுப்பும் வழி அடைபடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்றால் அது பக்கத்து டிஸ்குகளுக்குத் தாவாது; பூட்டப்பட்ட கோப்புகள் கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ உள்ள நல்ல பிரதிகளின்மேல் போய் உட்காராது. உங்கள் கண் முன்னாலேயே கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தால், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியையே அணைத்துவிடுங்கள்.

திரை முழுக்கச் சிவப்பாக ஓர் எச்சரிக்கை, கூடவே சைரன் ஒலி, "இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒரு தொலைபேசி எண் வந்தால், அது பெரும்பாலும் வைரஸே அல்ல. ஒரு மோசடி இணையப் பக்கம். டாஸ்க் மேனேஜர் வழியாகப் பிரவுசரை மூடினால் போய்விடும். அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொல்லும் ரிமோட் செயலியை நிறுவினால்தான் உண்மையான ஆபத்து தொடங்கும்.

இரண்டாவது, வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகள்

இதைப் பலர் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. இன்றைய தகவல் திருடும் வைரஸ்கள் பல, கணினியைக் கெடுப்பதே இல்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் 'குக்கி' கோப்புகளையும் சில நிமிடங்களில் எடுத்து அனுப்பிவிடுகின்றன. இந்தக் குக்கிகள் ஏன் முக்கியம்? நீங்கள் ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து மின்னஞ்சலுக்குள் நுழைந்த பிறகு, ஒவ்வொரு முறையும் அவை கேட்கப்படுவதில்லை. "இவர் ஏற்கெனவே வந்தவர்" என்று ஒரு குக்கி சான்று சொல்கிறது. அந்தக் குக்கி கையில் கிடைத்தவருக்கு உங்கள் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

ஆகவே சுத்தமான வேறொரு கருவியிலிருந்து, வீட்டில் உள்ள ஒரு செல்பேசியிலிருந்து, முதலில் முக்கிய மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் வழி அந்த மின்னஞ்சல்தான் என்பதால் அதற்கு முதலிடம். பிறகு, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியை அழுத்துங்கள். திருடப்பட்ட குக்கிகள் செல்லாமல் போவது அதனால்தான். அடுத்து வங்கிக் கணக்கு, அதன்பின் சமூக ஊடகங்கள். நோய்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினால், புதிய பாஸ்வேர்டையும் சேர்த்தே ஒப்படைத்ததாகிவிடும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியையும், இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐயும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன்னால் புகார் போய்ச் சேர்ந்தால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு.

மூன்றாவது, உங்களுடையதை வெளியே எடுங்கள்

விண்டோஸை மறுபடி வாங்கலாம், நிறுவலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை எங்கும் வாங்க முடியாது. எனவே சுத்தம் செய்யும் வேலைக்கு முன்பே அவற்றைக் காப்பாற்ற வேண்டும். இதற்குச் சிறந்த வழி, வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் தயாரித்து, அதிலிருந்து உங்கள் கணினியைத் தொடங்குவது. அப்போது உங்கள் விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும். அதோடு வைரஸும் தூங்கும். டிஸ்க் வெறும் டிஸ்காக, பொய் சொல்ல ஆளில்லாமல் உங்கள் முன் இருக்கும். ஷார்ட்கட் வைரஸ் மறைத்த ஃபோல்டர்கள்கூட இங்கே எந்தக் கட்டளையும் இல்லாமலே கண்ணுக்குத் தெரிவது வழக்கம், ஏனென்றால் விண்டோஸின் மறைப்புக் குறிகளை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள் மட்டும் எடுங்கள். 'இஎக்ஸ்இ', 'எஸ்சிஆர்', 'பேட்', 'விபிஎஸ்' வகைக் கோப்புகளையும் ஷார்ட்கட்டுகளையும் எடுக்காதீர்கள். நிரல்களை அதிகாரப்பூர்வத் தளங்களிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளலாம்.

நான்காவது, வெளியிலிருந்து சுத்தம் செய்யுங்கள்

எளிய வைரஸ் என்றால் 'சேஃப் மோட்' போதும். ஷிஃப்ட் பொத்தானை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் அங்கே போகும் வழி கிடைக்கும். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றும். ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' பகுதியில் எழுதி வைத்திருப்பவற்றைப் பொதுவாக ஓட்டாது. வைரஸ் எழாத நேரத்தில் அதன் கோப்புகளை அழிப்பது எளிது.

இதைவிட ஒரு படி மேலானது 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்'. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் விருப்பங்களுக்குள் இது இருக்கிறது. அழுத்தியதும் கணினி அணைந்து, வழக்கமான விண்டோஸுக்குள் போகாமல் தனியான ஒரு சிறு சூழலில் எழுந்து, சுமார் 15 நிமிடம் டிஸ்கைச் சோதிக்கும். ருஸினோவிச் செய்ததன் எளிய வீட்டு வடிவம் இது. விண்டோஸ் உறங்குவதால் எதையும் ஒளிக்க ஆளிருக்காது.

இதன் பிறகும் அறிகுறிகள் தொடர்ந்தால், அல்லது பிடிபட்டது தகவல் திருடும் வகை, தொலைவிலிருந்து கணினியை ஆட்டுவிக்கும் வகை என்றால், இயங்குதளத்தையே புதிதாக நிறுவுங்கள். பிடிபட்ட ஒன்று தனக்குப் பின்னால் எத்தனை கதவுகளைத் திறந்து வைத்தது என்பதைக் கணினியிடமே கேட்டு உறுதிசெய்ய முடியாது. 'ரீசெட் திஸ் பிசி' வசதியில் உள்ளூர்ப் பிரதியைத் தவிர்த்து 'க்ளவுட் டவுன்லோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், மைக்ரோசாஃப்டிடமிருந்து புதிய விண்டோஸ் இறங்கும். அதைவிட நம்பகமானது, வேறொரு சுத்தமான கணினியில் குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் நிறுவியைத் தயாரித்து, பழைய பகுதிகளை அழித்துவிட்டு நிறுவுவது. மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள்ளேயே புகும் வைரஸ்களும் உண்டு. 2018இல் கண்டறியப்பட்ட லோஜாக்ஸ் அப்படிப்பட்டது. ஆனால் அவை பெரிய இலக்குகளைத் தேடிப் போகிறவை. வீட்டுக் கணினிக்கு முறையான மறுநிறுவலே பெரும்பாலும் போதுமானது.

"ஃபார்மட் போட்டுடலாம் சார்"

கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கேட்கும் வாக்கியம் இது. ஃபார்மட் தவறான சிகிச்சை அல்ல. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: "அதுக்கு முன்னாடி என் ஃபைல்களை எடுத்துட்டீங்களா?", "நீங்க போடப்போற விண்டோஸ் ஒரிஜினல்தானா?"

இரண்டாவது கேள்வி மிக முக்கியம். திருட்டு விண்டோஸை இயக்க 'ஆக்டிவேட்டர்' என்ற சிறு நிரலை ஓட்டுவார்கள். அதை ஓட்டுவதற்கு முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். கதவைப் பூட்டுகிற வேலையைச் செய்யும் நிரலையே நிறுத்திவிட்டு, முகம் தெரியாத யாரோ எழுதிய நிரலுக்கு நிர்வாகி அதிகாரம் கொடுக்கிறோம். திருட்டு போட்டோஷாப்பும் திருட்டு விளையாட்டுகளும் இதே வழியில்தான் வருகின்றன. வைரஸுக்குச் சிகிச்சை பெற்ற கணினி, கடையை விட்டு வெளியே வரும்போதே இன்னொரு வைரஸோடு வரும் சாத்தியம் இங்கே இருக்கிறது. மடிக்கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அந்தக் கருவியிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மறுபடி நிறுவினால் பணமும் தர வேண்டாம், ஆக்டிவேட்டரும் வேண்டாம்.

ரான்சம்வேர்: பூட்டைத் திறக்க முடியுமா?

கோப்புகளைப் பூட்டும் வைரஸ் தனிக்கதை. வைரஸை நீக்கினாலும் பூட்டு திறக்காது. கணினியில் பூட்டப் பயன்படும் சாவி ஒன்று, திறக்கும் சாவி வேறொன்று. திறக்கும் சாவி குற்றவாளியிடம் மட்டுமே இருக்கும். எழுதியவர் பிழை செய்யாதவரை, இன்றைய கணினிகளின் வேகத்தைக் கொண்டு அந்தச் சாவியை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் எழுதியவர்களும் பிழை செய்வதுண்டு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் உட்படப் பல நாடுகளில் கணினிகளை முடக்கிய வான்னாக்ரையில் அப்படி ஓர் ஓட்டை இருந்தது. அது சாவியை உருவாக்கப் பயன்படுத்திய இரண்டு பகா எண்கள், பழைய விண்டோஸ் பதிப்புகளில் கணினியின் நினைவகத்திலிருந்து உடனே அழியவில்லை. பிரெஞ்சு ஆய்வாளர் ஆட்ரியன் கினே அந்த எண்களை நினைவகத்தில் தேடி எடுத்து, சாவியையே மறுபடி உருவாக்கும் நிரலை எழுதினார். முக்கிய நிபந்தனை, தாக்குதலுக்குப் பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்திருக்கக் கூடாது. பதற்றத்தில் அணைத்துப் போட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. எனவே பூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தால் அணையுங்கள். எல்லாம் முடிந்து, பணம் கேட்கும் கடிதம் மட்டும் திரையில் நின்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு நிதானமாக இருங்கள்.

வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கிய ரான்சம்வேர்களில் ஒன்று, திருட்டு மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்த 'ஸ்டாப்' குடும்பம். அது தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடிந்தால் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி வாங்கும். தொடர்பு கிடைக்காவிட்டால், தன்னுள்ளேயே இருக்கும் பொதுச் சாவியால் பூட்டும். அந்தப் பொதுச் சாவி ஒருமுறை தெரிந்துவிட்டால் அதே சாவியால் பூட்டப்பட்ட மற்றவர்களின் கோப்புகளையும் திறக்கலாம். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இந்தக் குடும்பத்தின் 148 வகைகளுக்கு இலவசத் திறப்பு நிரலை வெளியிட்டது. இத்தகைய இலவசத் திறப்பு நிரல்களைத் திரட்டித் தருவது 'நோ மோர் ரான்சம்' திட்டம். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கியது. பூட்டப்பட்ட கோப்பு ஒன்றை அங்கே கொடுத்தால், திறப்பு நிரல் இருக்கிறதா என்று சொல்வார்கள். இன்று இல்லை என்றாலும் பூட்டிய கோப்புகளைத் தூக்கி எறியாதீர்கள். ஓராண்டு கழித்து வழி பிறக்கலாம். பணம் மட்டும் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடுத்த தாக்குதலுக்கான செலவு அதிலிருந்துதான் வருகிறது.

போன பிறகும் எஞ்சுவது

வைரஸ் போன பிறகும் அது மாற்றிவைத்த அமைப்புகள் தங்கிவிடலாம். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற வைரஸ் இதற்குச் சான்று. இணைய முகவரிகளை எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களை அது தன் ஆட்களின் சர்வர்களாக மாற்றிவிட்டது. 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தபோது, அவர்களின் சர்வர்களை உடனே நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் இணையமே அற்றுப்போகும். அவற்றுக்குப் பதிலாக நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே சுத்தம் செய்த பிறகு பிராக்ஸி, டிஎன்எஸ் அமைப்புகளையும், பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும், வைஃபை ரௌட்டரின் அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். ரௌட்டரின் பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததாகவே இருந்தால் மாற்றுங்கள்.

அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. அடுத்த இரண்டு மாதங்களில் அதைப் போடாதவர்கள்தான் பெரிதும் அகப்பட்டார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; அதைப் பயன்படுத்துகிறவர்கள் மாறுவதற்கான வழியைத் தேட வேண்டிய நேரம் இது. பென்டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவதற்குப் பதில் பிரின்ட் எடுக்க வேண்டிய ஒரு பிடிஎஃப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று வேறெதுவும் இல்லாத பென்டிரைவ் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கோப்புகளின் பின்னொட்டைக் காட்டும் வசதியை இயக்கி வையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பலம் வாய்ந்தது பேக்அப். முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. கணினியில் ஒன்று, வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் ஒன்று, க்ளவுடில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஹார்ட் டிஸ்க் பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் கணினியோடு இணைந்திருக்கக் கூடாது. எடுத்த பேக்அப்பிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள்.

தவறே செய்யாத ஆன்டிவைரஸ் இருக்க முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட கணிதம். அதனால் கணினியை முழுமையாக நம்பிக்கொண்டிருக்காமல், அது எந்த நாளும் கையை விரிக்கலாம் என்ற நினைப்போடு வாழப் பழகுவோம். பேக்அப் உள்ளவருக்கு வைரஸ் ஒரு நாள் வேலை. இல்லாதவருக்கு ஈடில்லாத இழப்பு. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் வேறெதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதியெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அதை இன்றே செய்யுங்கள்.